52-ம் எண் சட்டையும் மூன்று நட்சத்திரமும்

என்பிஏ என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீகில் ஆடும் போர்ட்லேண்ட் டிரெயில் பிளேசர்ஸ் அணியின் வீரர் தேர்வு அலுவலகத்துக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். என் மச்சினன் இரண்டுக்கு மேல் கொடுக்கவே கூடாது என்கிறான். இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே அவனோடு போட்ட சண்டையால்தான். அதனால் அவன் குறுக்கே வந்துகொண்டே இருப்பான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்துக்கு எதற்கு விமர்சனம், ஆட்டத்துக்கு எழுதலாமே என்று கேட்கலாம். நான் 25 வருஷமாகச் சீட்டு வாங்குகிறேன். ஹில்ஸ்பரோவில் மேக்ஸ் ரயில் ஏறி ரோஸ் குவார்ட்டரில் இறங்கி, மேல்தளத்தில் எங்கள் வரிசைக்கு ஏறி உட்கார்வதற்குள் பாதி உயிர் போய்விடும். அங்கே உட்கார்ந்து நான் பார்ப்பது பத்துப் பேர் பந்தோடு ஓடுவதை மட்டும் இல்லை. மாடியில் எங்கோ ஓர் அறையில் நாலைந்து பேர் கூடி யாரை எடுத்தார்கள், யாரைத் தள்ளிவிட்டார்கள், யாருக்கு எவ்வளவு எழுதிக் கொடுத்தார்கள் என்பதன் விளைவைத்தான் பார்க்கிறேன். காசு கொடுப்பது அந்தத் தீர்ப்புகளுக்கு. அப்புறம் விமர்சனம் எழுத எனக்கு உரிமை இல்லையா?

நான் வாடிக்கையாளன் ஆனதே ஒரு மோசமான நாளில். 2000 ஜூன் 4. லீகின் மேற்குப் பிரிவு இறுதிப் போட்டியின் ஏழாவது, கடைசி ஆட்டம், லேக்கர்ஸுக்கு எதிராக. கூடைப்பந்து விதி ஒன்றும் எனக்கு முழுசாகத் தெரியாது. அறையில் கூட இருந்தவர்கள் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். நாலாவது கால்பகுதியில் பிளேசர்ஸ் 15 புள்ளி முன்னால் நின்றது. அங்கிருந்து தோற்றார்கள், 89-84. எதைப் போட்டாலும் வளையத்தில் பட்டு வெளியே வந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்போதே புரிந்திருக்க வேண்டும், இது ஒட்டிக்கொண்டால் விடாத நோய் என்று.

அந்தக் கோடையில் அலுவலகம் என்ன செய்தது தெரியுமா? பெஞ்சில் 21 வயதுப் பையன் ஒருவன் இருந்தான், ஜெர்மெய்ன் ஓ'நீல். 1996-ல் பள்ளிக்கூடம் முடித்த கையோடு 17-வது ஆளாக எடுத்தவர்கள், நாலு சீசன் பெஞ்சிலேயே வைத்திருந்தார்கள். லேக்கர்ஸின் ஷாக்கீல் ஓ'நீலோடு மல்லுக்கட்ட ஆள் வேண்டும் என்று அந்தப் பையனை இண்டியானாவுக்குக் கொடுத்துவிட்டு, 31 வயது டேல் டேவிஸை வாங்கினார்கள். டேவிஸ் நல்ல உழைப்பாளி, அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பையன் இண்டியானாவுக்குப் போய் 2002-லிருந்து 2007 வரை ஆறு வருஷம் தொடர்ந்து ஆல்-ஸ்டார், அதாவது லீகின் நட்சத்திர வீரர்களில் ஒருவன், ஆனான். அதே ஆகஸ்டில்தான் எடை ஏறி ஓய்ந்துபோன ஷான் கெம்பையும், பெரிய சம்பளத்தோடு வாங்கி வந்தார்கள். தோல்வியின் சூடு ஆறும் முன்னால் கடைக்குப் போகக் கூடாது என்று இவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

சரி, இந்த அணியைப் பற்றிப் பேச்சு எடுத்தால் ஊர் முழுக்க முதலில் சொல்லும் பெயர் ஓ'நீல் இல்லை. சாம் போவி. கூடைப்பந்து பார்க்காதவனுக்கும் இந்தக் கதை தெரியும். ஜூன் மாதம் அணிகள் வரிசைப்படி புது வீரர்களை எடுக்கும் டிராஃப்ட் நடக்கும். 1984-ல் ஹூஸ்டன் முதல் ஆளாக ஒலாஜுவானை எடுத்தது. இரண்டாவது முறை போர்ட்லேண்டுக்கு. அவர்கள் கென்டக்கியின் 7 அடி 1 அங்குல சென்டர், அதாவது கூடைக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள், சாம் போவியை எடுத்தார்கள். மூன்றாவதாக சிகாகோ எடுத்தது மைக்கேல் ஜோர்டனை.

மச்சினன் இந்த இடத்தில் எப்போதும் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவான், வழக்கு முடிந்தது என்கிற மாதிரி. நான் முடியவில்லை என்பேன். அன்றைய அலுவலகத்தின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். முந்தின வருஷம்தான் 14-வது ஆளாக கிளைட் டிரெக்ஸ்லரை எடுத்திருக்கிறார்கள். ஜிம் பாக்ஸன் ஆல்-ஸ்டார் கார்டாக, அதாவது கூடைக்குத் தள்ளி நின்று ஆடுபவராக, இருக்கிறார். ஜோர்டன் ஆடும் இடத்தில் ஏற்கெனவே இரண்டு பேர், நடுவில் சென்டர் இல்லை. அந்தக் காலத்தில் உயரமான சென்டர் இல்லாமல் கோப்பை வெல்ல முடியும் என்று நம்பியவர்கள் குறைவு. இந்த அணியின் ஒரே கோப்பையே ஒரு சென்டரால் வந்தது, 1977-ல் பில் வால்டனால். ஒருமுறை ஜெயித்த சூத்திரத்தை இன்னொருமுறை எழுதிப் பார்த்தார்கள்.

"அத்தான், அவன் காலு ரெண்டு வருஷம் உடைஞ்சு கெடந்தது. அதுவும் தெரிஞ்சுதானே எடுத்தாங்க?"

இங்கேதான் நான் மாட்டிக்கொள்வேன். உண்மைதான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவால் கல்லூரியில் இரண்டு சீசன் போவி ஆடவே இல்லை. பிளேசர்ஸின் மருத்துவர்கள் தட்டித் தட்டிச் சோதித்தார்கள். வலி இருந்தும் இல்லை என்று சொல்லிவிட்டதாகப் பிற்பாடு போவியே ஒத்துக்கொண்டார். போர்ட்லேண்டில் ஐந்து வருஷத்தில் அவர் ஆடியது மொத்தம் 139 ஆட்டம். அதில் 76 முதல் வருஷத்தில், அந்த வருஷம் நன்றாகவே ஆடினார். மீதி நாலு வருஷத்துக்கு 63.

ஒரு கதை சொல்வார்கள். ஒலிம்பிக் அணிப் பயிற்சியாளர் பாபி நைட், பிளேசர்ஸில் ஆள் தேர்ந்தெடுக்கும் ஸ்டூ இன்மனிடம் ஜோர்டனை எடுக்கச் சொன்னாராம். எங்களுக்குச் சென்டர்தான் வேண்டும் என்றாராம் இன்மன். அப்படியானால் ஜோர்டனையே சென்டராக ஆடவிடு என்றாராம் நைட். இந்த ஒரு வரியில் என் வாதம் பாதி செத்துவிடுகிறது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இந்த வழக்கில் யாரும் படிக்காத பக்கம் ஒன்று இருக்கிறது. அதே 1984 டிராஃப்டில் 46-வது ஆளாக, யாரும் கேள்விப்படாத லாங்வுட் கல்லூரியிலிருந்து ஜெரோம் கர்ஸியை எடுத்தார்கள். அடுத்த வருஷம் 24-வது ஆளாக டெர்ரி போர்ட்டர். 1989-ல் போவியோடு ஒரு டிராஃப்ட் உரிமையையும் சேர்த்து நியூ ஜெர்சிக்குக் கொடுத்து பக் வில்லியம்ஸை வாங்கினார்கள். முந்தின சீசனில் 39 ஆட்டம் ஜெயித்த அணி அடுத்த சீசனில் 59 ஜெயித்து இறுதிப் போட்டிக்குப் போனது. டிரெக்ஸ்லர், போர்ட்டர், கர்ஸி, வில்லியம்ஸ். இந்த அணி 1990-லும் 1992-லும் இறுதிப் போட்டி ஆடியது. கெட்டுப்போன சரக்கை வைத்தே நல்ல சமையல் செய்திருக்கிறார்கள்.

1992-ல் எதிரே நின்றது யார் என்பதைச் சொல்லாமல் தப்பிக்கலாம் என்று பார்த்தேன். முடியாது. ஜோர்டன். முதல் ஆட்டத்தின் முதல் பாதியில் மட்டும் ஆறு மூன்று-புள்ளி, மொத்தம் 35 புள்ளி. அப்புறம் தோளைக் குலுக்கினாரே, அது. அந்தத் தோள்குலுக்கலை எங்கள் வரிசையில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம்.

இனி என் அலமாரியில் கிடக்கும் சட்டைக்கு வருகிறேன். 52-ம் எண். கிரெக் ஓடன்.

2007 டிராஃப்டில் முதல் இடம் கிடைக்க பிளேசர்ஸுக்கு இருந்த வாய்ப்பு 5.3 சதவீதம். லாட்டரியில் பந்து உருண்டு வந்து விழுந்தது. ஊரே தெருவில் நின்று கத்தியது. ஓடனா, கெவின் டுராண்டா? நான் ஓடன் பக்கம். அலுவலகமும் ஓடன் பக்கம். நாட்டில் பெரும்பாலான நிபுணர்களும் ஓடன் பக்கம். அந்தச் செப்டம்பரிலேயே முழங்காலில் அறுவை சிகிச்சை, முதல் சீசன் முழுக்கப் போச்சு. 2009 டிசம்பரில் முழங்கால் சில்லு உடைந்தது. அப்புறம் எங்களுக்காக அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கூட்டிப் பார்த்தால் போர்ட்லேண்டில் ஓடன் ஆடியது 82 ஆட்டம். ஒரு சீசனின் ஆட்ட எண்ணிக்கையும் 82. ஐந்து வருஷக் காத்திருப்புக்குச் சரியாக ஒரு சீசன் பலன். டுராண்ட் 2014-ல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கினார்.

இது மோசமான முடிவா? இல்லை என்பதுதான் என் கட்சி. விளைவு மோசம், முடிவு இல்லை. அன்றைக்குக் கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் பத்தில் எட்டு அலுவலகம் அதையே செய்திருக்கும். ஓடன் ஆடிய அந்த 82 ஆட்டத்தில் பலதைக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். காலில் வலி இல்லாத நாட்களில் அந்த ஆள் கூடைக்குக் கீழே நின்றால் எதிரணி அந்தப் பக்கமே வராது. மச்சினன் கணக்குப்பிள்ளை மனசு, அவனுக்கு இதெல்லாம் ஏறாது. "முடிவு சரி, விளைவு தப்புன்னா பரீட்சையில மார்க் போடுவாங்களா அத்தான்?" என்பான். போடுவார்கள். கடைசி விடை தப்பானாலும் வழிமுறைக்குப் பாதி மார்க் கொடுத்த வாத்தியார் எனக்கு இருந்தார்.

போவியையும் ஓடனையும் ஒரே தட்டில் வைக்கிறார்களே, அதுதான் எனக்கு எரிச்சல். போவியின் காலில் கோளாறு இருந்தது எடுக்கும்போதே தெரியும். அதோடு அவரை எடுத்த காரணம் தேவை: "எங்களிடம் சென்டர் இல்லை." ஓடனை எடுத்த காரணம், இருப்பதிலேயே சிறந்தவர் என்ற மதிப்பீடு. இந்த அலுவலகத்தின் ஐம்பது வருஷத்துக்கு மேலான கணக்கைப் புரட்டினால், தேவை பார்த்து வாங்கிய இடத்தில்தான் அடி பலமாக விழுந்திருக்கிறது. 2005-ல் மூன்றாவது இடம் கையில் இருந்தது. கிறிஸ் பால் என்ற பாயிண்ட் கார்டு, பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்துபவர், எதிரே நிற்கிறார். எங்களிடம்தான் முந்தின வருஷம் எடுத்த செபாஸ்டியன் டெல்ஃபேர் இருக்கிறாரே என்று அந்த இடத்தை யூட்டாவுக்குக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி, ஆறாவதாக மார்ட்டெல் வெப்ஸ்டரை எடுத்தார்கள். யூட்டா டெரான் வில்லியம்ஸை எடுத்தது, நாலாவதாக பால் நியூ ஆர்லியன்ஸ் போனார். டெல்ஃபேரை அடுத்த வருஷமே விற்றுவிட்டார்கள் என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

அப்படியானால் எது மிக மோசம்? என் விடை ஓ'நீலாக இருந்தது. அதை மாற்றியவர் எங்கள் பக்கத்து இருக்கைப் பெரியவர்.

எழுபதைத் தாண்டியவர். பழைய மெமோரியல் கோலிசியத்தில் 1977 கோப்பையை நேரில் பார்த்தவர். இடைவேளையில் நானும் மச்சினனும் தமிழில் அடித்துக்கொள்வோம். நடுநடுவே போவி, ஜோர்டன், ஓடன் என்று பெயர்கள் மட்டும் அவர் காதில் விழும். ஒருநாள் திரும்பி, "தப்பான பெயர்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்" என்றார். மோசஸ் மலோன் என்றார்.

எங்கள் இருவருக்குமே புரியவில்லை. மலோன் பிளேசர்ஸில் ஆடியதே இல்லையே? அதுதான் விஷயமாம். 1976-ல் ஏபிஏ என்ற போட்டி லீக் மூடப்பட்டபோது, அதில் கலைந்த அணிகளின் வீரர்களை என்பிஏ அணிகள் பங்கு போட்டுக்கொண்டன. அதில் போர்ட்லேண்ட் இரண்டு பேரை எடுத்தது. ஒருவர் மாரிஸ் லூகாஸ். அவரை எடுக்கும் இடத்தைப் பிடிக்க, அணியின் முதல் நட்சத்திரமான ஜெஃப் பெட்ரியையே அட்லாண்டாவுக்குக் கொடுத்தார்கள். அது அற்புதமான முடிவு, கோப்பையில் பாதி லூகாஸுடையது. இன்னொருவர் 21 வயது மோசஸ் மலோன். வால்டன் இருக்கிறார், லூகாஸ் இருக்கிறார், இவர் எதற்கு என்று சீசன் தொடங்கும்போதே பஃபலோவுக்கு அனுப்பிவிட்டார்கள். கைக்கு வந்தது பிற்பாடு பயன்படுத்தும் ஒரு முதல் சுற்று டிராஃப்ட் உரிமை. பஃபலோ இரண்டே ஆட்டத்தில் அவரை ஹூஸ்டனுக்குத் தள்ளியது. அங்கே போய் 1979-லும் 1982-லும், பிறகு ஃபிலடெல்ஃபியாவில் 1983-லும், மூன்று தடவை லீகின் மிகச் சிறந்த வீரர் ஆனார்.

"அந்த வருஷம்தானே கோப்பை ஜெயிச்சாங்க? அப்புறம் எப்படி அது மோசமான முடிவு?" மச்சினன் மடக்கினான். ஆங்கிலத்தில்தான் கேட்டான், ஆனால் கண்ணில் தமிழ்த் திமிர்.

பெரியவர் சிரிக்கவில்லை. அடுத்த வருஷத்தைப் பார் என்றார். 1978-ல் பிளேசர்ஸ் 50 ஆட்டம் ஜெயித்து 10 தோற்றிருந்தது. வரலாற்றிலேயே பெரிய அணிகளில் ஒன்றாகப் பேசப்பட்டிருக்க வேண்டியது. அப்போது வால்டனின் பாதம் போனது. சீசன் கடைசியில் வரும் ப்ளே-ஆஃப் சுற்றில் வலியோடு ஆடிப் பார்த்தார், எலும்பு உடைந்தது. அடுத்த சீசன் முழுக்க ஆடவில்லை, 1979-ல் சான் டியாகோவுக்குப் போய்விட்டார். ஒரு சென்டரின் காலை நம்பி ஊரே நின்றபோது, இன்னொரு சென்டர் ஹூஸ்டனில் ரீபவுண்டுகளை, வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துகளை, அள்ளிக்கொண்டிருந்தார். மலோனுக்குக் காயமும் இல்லை, சந்தேகமும் இல்லை. இடம் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

நான் வாயடைத்துப் போனேன். மச்சினன் மட்டும் ரயிலில் திரும்பும்போது, "பெரியவர் சொன்னதும் விளைவை வச்சுத்தானே? உங்க கட்சிப்படி அன்னிக்கு அது சரியான முடிவுதான்" என்றான். யோசித்தேன். இல்லை. 21 வயதில், உடம்பில் ஒரு பழுதும் இல்லாத பெரிய ஆளை, பாதி சீசன் ஆடவிட்டுக்கூடப் பார்க்காமல் விற்றார்கள். அதிலும் வால்டன் முதல் இரண்டு வருஷமும் காயத்தால் பாதிக்குப் பாதி வெளியே உட்கார்ந்தவர். மாற்று ஆள் வேண்டும் என்பதற்குச் சாட்சி அவர்கள் கண்ணெதிரேயே இருந்தது. ஆகவே என் தீர்ப்பு: மோசத்தில் முதல் இடம் மோசஸ் மலோன், இரண்டாவது ஓ'நீல். போவி மூன்றாவது. ஓடன் பட்டியலிலேயே இல்லை.

மச்சினனுக்குப் பிடித்த குற்றச்சாட்டு வேறு. 2016 கோடை. புதுத் தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் ஒவ்வொரு அணியின் சம்பள வரம்பும் 70 மில்லியன் டாலரிலிருந்து 94 மில்லியனுக்குத் தாவிய வருஷம். எல்லோர் கையிலும் காசு. எங்கள் அலுவலகம் எவன் டர்னருக்கு நாலு வருஷத்துக்கு 70 மில்லியன் எழுதியது. அலன் கிராபுக்கு புரூக்ளின் 75 மில்லியன் கொடுக்க முன்வந்தது. நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள், போகட்டும் என்று விட்டிருக்கலாம். நாங்களே தருகிறோம் என்று அதே தொகைக்கு நிறுத்திவைத்தார்கள். மேயர்ஸ் லெனார்டுக்கு 41. மூன்றையும் கூட்டினால் 186 மில்லியன். மூவரில் ஒருவர்கூட ஆல்-ஸ்டார் இல்லை. ஒரு வருஷம் கழித்து அதே புரூக்ளினுக்கே கிராபை அனுப்பி, ஆண்ட்ரூ நிக்கல்சனை வாங்கி, வாங்கிய கையோடு அவரை விடுவித்து, அவர் சம்பளத்தை ஏழு வருஷத் தவணையாகப் பிரித்துக் கட்டினார்கள். இந்த அணிக்கு ஒரு நிமிஷம்கூட ஆடாதவருக்கு ஏழு வருஷத் தவணை. வீட்டுக் கடன் கட்டுகிறவன் என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது.

இதை நான் மிக மோசம் என்று சொல்லாததற்குக் காரணம் உண்டு. காசு முதலாளியுடையது. 2019-ல் இதே அணி மேற்கு இறுதிப் போட்டி வரைக்கும் போனது, டர்னரும் லெனார்டும் அதில் இருந்தார்கள். கோல்டன் ஸ்டேட்டிடம் நாலுக்குப் பூஜ்யம் வாங்கினோம், சரி. ஆனாலும் போனோம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மூன்று நட்சத்திரத்துக்கு நான் கணக்கு காட்ட முடியாது.

இவர்கள் கைராசி பின்வரிசையில். 14-ல் டிரெக்ஸ்லர், 24-ல் போர்ட்டர், 46-ல் கர்ஸி, 36-ல் கிளிஃப் ராபின்சன். 1986-ல் 24-வது ஆளாக லிதுவேனியாவின் 7 அடி 3 அங்குல சபோனிஸையும், அதே டிராஃப்டில் 60-வது ஆளாகக் குரோவேசியாவின் பெட்ரோவிச்சையும் எடுத்தார்கள். சோவியத் யூனியன் இன்னும் இருந்த காலம், ஐரோப்பியர்களை எடுப்பதைக் கிறுக்குத்தனம் என்றே பலர் நினைத்தார்கள். பிளேசர்ஸுக்கு அந்தத் துணிச்சல் இருந்தது. எடுப்பதற்கு இருந்த துணிச்சல் ஆடவிடுவதற்கு இல்லை, அதுதான் சோகம். பெட்ரோவிச் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து நொந்து, 1991 ஜனவரியில் நியூ ஜெர்சி போனார். அங்கே 1992-93 சீசனில் ஆட்டத்துக்கு 22 புள்ளிக்கு மேல் போட்டார். அந்த ஜூனில் ஜெர்மனியில் கார் விபத்தில் இறந்தார், 28 வயது.

சபோனிஸ் வந்து சேர்ந்தது 1995-ல், 30 வயதில், இரண்டு முறை அறுந்து ஒட்டிய குதிகால் தசைநாரோடு. அவருடைய எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், இதை மட்டும் காட்டினாலே மாற்றுத்திறனாளிகளுக்கான வாகன நிறுத்தச் சலுகை கிடைக்கும் என்றாராம். இதைச் சொன்னவர் அன்றைய ஜெனரல் மேனேஜர் பாப் விட்சிட். அந்தக் காலோடு வந்து முதல் சீசனிலேயே ஆட்டத்துக்கு 14.5 புள்ளி. நான் பார்த்தது அவருடைய கடைசிச் சில சீசன்களை மட்டும். குதிக்கவே மாட்டார். நின்ற இடத்திலிருந்து முதுகுக்குப் பின்னால் பந்தைக் கொடுப்பார், அது போக வேண்டிய கைக்குப் போயிருக்கும். பத்து வருஷம் முன்னால் வந்திருந்தால் என்று இந்த ஊரில் பேச ஆரம்பித்தால் பொழுது விடிந்துவிடும்.

2006 ஜூன் 28 ராத்திரி இந்த அலுவலகத்தின் உச்சம் என்று நினைக்கிறேன். கெவின் பிரிச்சர்டும் கூட இருந்தவர்களும் தொலைபேசியை வைக்கவே இல்லை. சிகாகோவோடு பேசி லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜை வாங்கினார்கள். அதே ராத்திரி மினசோட்டாவோடு பேசி பிராண்டன் ராயை வாங்கினார்கள், கையில் இருந்த ராண்டி ஃபாயைக் கொடுத்து. ராய் அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம் ஆனார். அவர் முழங்கால் தேய்ந்துபோன கதை எல்லோருக்கும் தெரியும். 2011 ஏப்ரலில் டல்லாஸுக்கு எதிரான நாலாவது ஆட்டம், 23 புள்ளி பின்தங்கியிருந்தோம். குருத்தெலும்பே மிச்சமில்லாத காலோடு ராய் நாலாவது கால்பகுதியில் மட்டும் 18 புள்ளி போட்டார். 84-82. எங்கள் பெரியவர் அன்று அழுதார். நான் அழவில்லை என்று மச்சினன் சொல்லமாட்டான். அந்த மாயத்தைச் செய்த பிரிச்சர்டை 2010 டிராஃப்ட் நாளன்றே வேலையை விட்டு நீக்கினார்கள் என்பதையும், நீக்கிய பிறகும் அன்றைய டிராஃப்டை அவரையே நடத்தவைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்த அலுவலகத்தின் குணம் அதில் இருக்கிறது.

அவருக்கு அடுத்து வந்தவரையும் ஒரே வருஷத்தில் அனுப்பிவிட்டார்கள். அதனால் எல்லாவற்றிலும் சிறந்த முடிவை எடுத்தது நிரந்தர மேனேஜரே இல்லை. 2012 மார்ச் 15. சாட் புக்கானன் தற்காலிகப் பொறுப்பில் இருந்தார். ஜெரால்ட் வாலஸை நியூ ஜெர்சி நெட்ஸுக்குக் கொடுத்து இரண்டு வீரர்களையும், அந்த வருஷ டிராஃப்டில் முதல் மூன்றுக்குள் வராத பட்சத்தில் நெட்ஸின் முறையையும் வாங்கினார். அது ஆறாவது இடத்தில் விழுந்தது. அந்த இடத்தில், அடுத்து மேனேஜராக வந்த நீல் ஓல்ஷி எடுத்தவர் வெபர் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியின் டேமியன் லில்லார்ட். 2014-ல் 0.9 விநாடி மிச்சமிருக்கையில் ஹூஸ்டனை வீட்டுக்கு அனுப்பியவர். 2019-ல் 37 அடி தூரத்திலிருந்து ஓக்லஹோமாவுக்குக் கையசைத்து வழியனுப்பியவர்.

"அதிர்ஷ்டம் அத்தான். மூணாவது எடத்துல விழுந்திருந்தா லில்லார்ட் ஏது?" சரிதான். ஆனால் லில்லார்ட் ஆறாவது இடத்தில் இன்னும் எடுபடாமல் இருந்தார், அவரை எடுக்காமல் விட்ட அணிகள் ஐந்து. பந்து நல்ல இடத்தில் விழுவது அதிர்ஷ்டம். விழுந்த பிறகு எதை எடுப்பது என்பது அதிர்ஷ்டம் இல்லை.

2023 செப்டம்பரில் அவரை மில்வாக்கிக்குக் கொடுத்தபோது என் வீட்டில் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது பார்த்தால் அந்தப் பரிமாற்றத்தில் பெரிய பெயர்களோடு ஓரமாக ஒட்டிக்கொண்டு வந்த டூமானி கமாரா, அந்த வருஷ டிராஃப்டின் 52-வது ஆள், 2025-ல் லீகின் தற்காப்புச் சிறப்பு அணியில் இடம் பிடித்தார். மறுபடியும் பின்வரிசை. மறுபடியும் 52, என் சட்டையின் எண். 2025 ஜூலையில் லில்லார்டே அறுந்த குதிகால் தசைநாரோடு திரும்பி வந்தார், மூன்று வருஷத்துக்கு 42 மில்லியன். ஆட முடியாது என்று தெரிந்தே கையெழுத்து வாங்கிய முதல் சீசன். இது நல்ல முடிவா என்று இப்போதைக்கு எங்கள் வீட்டில் பேசத் தடை.

இந்தச் சேவையை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பேனா? பொறுமை உள்ளவர்களுக்கு, எலும்பு மருத்துவத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு, தாராளமாக. வருஷா வருஷம் கோப்பை வேண்டும் என்பவர்கள் வேறு கடை பார்க்கலாம். பின்வரிசைச் சரக்குக்கு நாலரை, முன்வரிசைச் சரக்குக்கு ஒன்றரை. சராசரி மூன்று. கணக்கு மச்சினன் போட்டது, அவனாலேயே மறுக்க முடியவில்லை.

போன தடவை கூடத்துக்குப் போனபோது, என்னைச் சீண்டுவதற்காக அலமாரியிலிருந்து அந்த 52-ம் எண் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தான். பெரியவர் ஏற இறங்கப் பார்த்தார். பாப்கார்ன் பையை அவன் பக்கம் நீட்டி, "அன்றைக்கு நானும் இவரைத்தான் எடுத்திருப்பேன்" என்றார். மச்சினன் முதல் பாதி முழுக்க வாய் திறக்கவில்லை.